ஆழ்வார்திருநகரி அஞ்சலகமும் வட்டார வரலாறும்: பெயர், வழி, முத்திரை, கடிதம்

ஆய்வுச்சுருக்கம்

சிற்றூர் அஞ்சலகம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அதன் கட்டடத்தின் பழமையையும் தொடங்கிய ஆண்டையுமே முதலில் தேடுகின்றனர். அஞ்சலகம் கையாண்ட தாள்களே அதன் வரலாற்றுக்குச் சிறந்த சான்றுகள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஆழ்வார்திருநகரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஊர்ப்பெயர், அஞ்சல் சென்ற வழி, தேதி முத்திரை, வீட்டில் சேர்ந்த கடிதம் ஆகிய நான்கையும் வட்டார வரலாற்றுச் சான்றுகளாக எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது இங்கு விளக்கப்படுகிறது. இச்சான்றுகளுள் பெரும்பகுதி வீடுகளில் பாதுகாப்பின்றிக் கிடப்பதால், அவற்றைத் தொகுக்க வேண்டிய தேவையும் முறையும் கட்டுரையின் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆழ்வார்திருநகரி, திருக்குருகூர், அஞ்சல் வரலாறு, அஞ்சல் குறியீட்டு எண், தேதி முத்திரை, கடிதம், வட்டார வரலாறு.

1. முன்னுரை

தமிழகச் சிற்றூர்களின் வரலாறு கல்வெட்டு, செப்பேடு, தலபுராணம், ஆங்கிலேயர் கால மாவட்ட விவரச் சுவடி ஆகியவற்றின் துணையோடு எழுதப்பட்டு வருகிறது. இவை அரசன், கோயில், நிலம், வரி ஆகியவற்றைப் பற்றி நிறையச் சொல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஓர் ஊரில் வாழ்ந்த எளிய மக்கள் எங்குச் சென்றனர், யாரோடு தொடர்பு கொண்டனர், என்ன படித்தனர், எவ்வளவு பணம் அனுப்பினர் என்னும் வினாக்களுக்கு அவை விடை தருவதில்லை. அவ்விடையைத் தரக்கூடிய நிறுவனங்களுள் அஞ்சலகம் முதன்மையானது. அரசின் கிளையாக இருந்தும் அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நாள்தோறும் சென்றது. வரி கேட்கவோ வழக்குத் தொடுக்கவோ வராமல், செய்தி கொண்டு வந்த அரசு ஊழியராக மக்கள் கண்டது தபால்காரரையே.

ஆழ்வார்திருநகரி இவ்வகை ஆய்வுக்குப் பொருத்தமான ஊர். நம்மாழ்வாரின் பிறப்பிடம், நவதிருப்பதிகளுள் ஒன்று, உறங்காப்புளி என்னும் புளியமரம் நிற்கும் ஆதிநாதர் கோயில், அரையர் சேவை இன்றும் நிகழும் ஒரு சில தலங்களுள் ஒன்று என இவ்வூரின் சமய வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அதன் அண்மைக்கால வரலாறோ அவ்வளவாக எழுதப்படவில்லை. கோயிலின் நிழலில் நின்ற சிறிய அஞ்சலகத்தின் வழியே அவ்வரலாற்றை அணுகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

2. இந்திய அஞ்சலும் சிற்றூரும்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1837ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் பணியை அரசின் தனியுரிமையாக்கியது. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்குமான அஞ்சல்தலைகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் கடிதத்தின் கட்டணம் தொலைவைப் பொறுத்துக் கூடியது. புதிய முறையில், உரிய எடைக்குள் அமைந்த கடிதம் அரையணாவுக்கு நாட்டின் எந்த மூலைக்கும் சென்றது. சிற்றூருக்கு இது பெரிய மாற்றம். அதுவரை தலைநகரிலிருந்து எவ்வளவு தொலைவில் ஓர் ஊர் இருந்ததோ அவ்வளவு விலையை அவ்வூரார் செய்திக்குக் கொடுத்து வந்தனர். சென்னைக்கு எழுதுவதும் பக்கத்து ஊருக்கு எழுதுவதும் ஒரே விலை ஆனபோது, தென்கோடியில் இருப்பவரின் குறை நீங்கியது.

1877இல் விலை பெற்றுக்கொண்டு பொருளை ஒப்படைக்கும் வி.பி.பி. முறையும், 1879 ஜூலை 1 முதல் காலணா அஞ்சலட்டையும், 1880இல் அஞ்சல் பணவிடையும், 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் தொடங்கின. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அஞ்சலகம் கடிதம் கொடுக்கும் இடமாக மட்டும் நில்லாது, புத்தகக் கடையாகவும் பணம் மாற்றும் இடமாகவும் வங்கியாகவும் விரிந்தது. பெரிய நகரத்தில் இப்பணிகளுக்கு வேறு நிறுவனங்கள் இருந்தன. சிற்றூரில் இவையனைத்தையும் ஓர் அஞ்சலகமே செய்தது. ஆகவே அஞ்சலகத்தின் இடம் நகர வரலாற்றில் சிறியதாகவும் சிற்றூர் வரலாற்றில் பெரியதாகவும் அமைகிறது.

இப்பணிக்கான ஆட்களையும் துறை ஊரிலேயே கண்டது. கிளை அஞ்சலகங்கள் பல, பள்ளி ஆசிரியர் அல்லது கடைக்காரர் பொறுப்பில், அவர்தம் பள்ளியிலோ வீட்டுத் திண்ணையிலோ நடந்தன. எனவே, ஓர் ஊரின் அஞ்சலகத்திற்கு ஒரே பழைய கட்டடம் இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. அது வாடகை வீடு மாறியும் பொறுப்பாளர் மாறியும் தெருவுக்குத் தெரு நகர்ந்திருக்கலாம். இடம் மாறினாலும் மாறாமல் தொடர்ந்தவை பெயரும் முத்திரையுமே. அவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

3. பெயர்: குருகூரும் திருநகரியும்

இவ்வூரின் பழம்பெயர் குருகூர். நம்மாழ்வார் தம் பாசுரங்களில் தம் பெயரோடு இவ்வூர்ப் பெயரையும் இணைத்தே குறிப்பிடுகிறார். வைணவ மரபில் திருக்குருகூர் என்றும், தலபுராண வழக்கில் குருகாபுரி என்றும் வழங்கும். ஆழ்வாரின் ஊர் என்னும் பெருமையால் ஆழ்வார்திருநகரி என்னும் பெயர் நிலைத்தது. பேச்சு வழக்கில் அது 'திருநகரி' எனச் சுருங்குகிறது.

பேச்சில் இத்தனை பெயர்கள் ஒன்றோடொன்று இசைந்து வாழலாம். அஞ்சல் துறைக்கு அது இயலாது. முகவரியைப் பிரிப்பவர் ஊரை அறியாதவர். அவருக்கு ஓர் ஊருக்கு ஒரு பெயரே வேண்டும், அப்பெயர் வேறோர் ஊருக்கு உரியதாகவும் இருத்தல் கூடாது. சீர்காழிக்கு அருகில் திருமங்கையாழ்வாரோடு தொடர்புடைய திருநகரி என்னும் மற்றொரு திவ்வியதேசம் உண்டு. 'திருநகரி' என்று மட்டும் எழுதப்பட்ட கடிதம் காவிரிக் கரைக்கும் போகலாம், தாமிரபரணிக் கரைக்கும் வரலாம். 'ஆழ்வார்' என்னும் முன்னொட்டு பக்தியால் பிறந்ததாயினும், அஞ்சல் பையைப் பொறுத்தவரை ஊரைப் பிரித்தறியும் அடையாளமாகவும் பயன்பட்டது. அஞ்சல் முத்திரையும், பின்னர் இருப்புப்பாதை நிலையத்தின் பெயர்ப்பலகையும் இப்பெயரையே தாங்கின. குருகூர் இலக்கியத்திலும் வழிபாட்டிலும் வாழ, ஆழ்வார்திருநகரி முகவரியில் வாழ்கிறது.

ஊர்ப்பெயருக்கு அடுத்து எழுதப்படும் மாவட்டப் பெயரும் வரலாற்றுச் சான்றே. 1986 அக்டோபர் 20 வரை இவ்வூருக்கு வந்த கடிதங்கள் திருநெல்வேலி மாவட்டம் என்று முகவரியிடப்பட்டன. அன்று புதிய மாவட்டம் பிறந்தபோது முகவரி சிதம்பரனார் மாவட்டம் என்றாயிற்று. 1997இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டம் என்றாயிற்று. தேதி அழிந்த ஒரு கடித உறையையும் இம்மூன்று பெயர்களைக் கொண்டு ஏறத்தாழக் காலவரையறை செய்யலாம். பழக்கத்தால் பழைய பெயரையே எழுதுவோர் உண்டு; ஆகவே இவ்வளவுகோல் 'இதற்கு முந்தையதன்று' என்று கூறுவதற்கே உறுதியாகப் பயன்படும். சிதம்பரனார் மாவட்டம் என எழுதப்பட்ட உறை 1986க்கு முந்தையதாக இருக்க இயலாது. திருநெல்வேலி மாவட்டம் என எழுதப்பட்டது 1986க்குப் பின்னரும் வந்திருக்கலாம்.

4. எண்: மாவட்டத்திற்கு முந்திய எல்லை

1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயருடைய ஊர்கள், பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகள், தவறான எழுத்துக்கூட்டல் ஆகியவற்றால் நேர்ந்த குழப்பத்தை நீக்குவதே அதன் நோக்கம். ஆழ்வார்திருநகரியின் எண் 628612. முதல் எண்ணாகிய 6 தென் மண்டலத்தைக் குறிக்கும். முதல் இரண்டும் சேர்ந்து துணை மண்டலத்தையும், முதல் மூன்றாகிய 628 தூத்துக்குடிப் பிரிப்பு மாவட்டத்தையும் குறிக்கும். இறுதி மூன்று எண்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்திற்கு உரியவை. அண்டை ஊரான ஸ்ரீவைகுண்டம் 628601 என்னும் எண்ணையும், நாசரேத் 628617 என்னும் எண்ணையும் பெற்றுள்ளன.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருநெல்வேலிப் பகுதிக்கு 627 என்றும் தூத்துக்குடிப் பகுதிக்கு 628 என்றும் அஞ்சல் துறை பிரித்துக் கொடுத்தபோது, இரண்டும் வருவாய்த் துறையில் ஒரே மாவட்டமாகவே இருந்தன. தனி மாவட்டம் உருவாக மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஆட்சி எல்லை கோட்டையையும் கச்சேரியையும் சார்ந்து அமைந்தது. அஞ்சல் எல்லையோ வண்டி செல்லும் வழியையும் பை பிரிக்கும் இடத்தையும் சார்ந்து அமைந்தது. மேற்கே மலையடிவாரத்தை நோக்கிய ஊர்களும் கிழக்கே கடலை நோக்கிய ஊர்களும் போக்குவரத்தில் தனித்தனித் தொகுதிகள் என்பதை முகவரி எண் முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தது. மாவட்டத்தின் பெயர் அதன்பின் இருமுறை மாறியும் 628 மாறவில்லை. வட்டார வரலாற்று ஆய்வாளர் ஆட்சி வரைபடத்தோடு அஞ்சல் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

5. வழி: சாலை, இருப்புப்பாதை, கப்பல்

தென்கோடிக் கடிதங்கள் இருப்புப்பாதைக்கு முன் ஓட்டக்காரர் தோளிலும் வண்டியிலும் வந்தன. திருநெல்வேலிச் சீமையை ஒட்டியிருந்த திருவிதாங்கூர் அரசு 'அஞ்சல்' என்னும் பெயரில் தனக்கெனத் தனி அமைப்பை நடத்தியது. மணி கட்டிய கோலுடன் ஓடும் அஞ்சலோட்டக்காரர் அந்நாட்டில் அறியப்பட்ட உருவம். ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் 'தபால்' என்னும் சொல்லே பெருவழக்கு. திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அன்று அண்டை அரசின் அமைப்புக்குப் பெயராக நின்ற 'அஞ்சல்' இன்று தமிழ்நாட்டு அலுவல் வழக்காகியுள்ளது. ஊர் மக்களின் நாவிலோ 'தபாலாபீசும்' 'தபால்காரரும்' இன்னும் மறையவில்லை.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கும் சென்றது. இப்பாதைகளின் நிலையங்கள் ஆழ்வார்திருநகரிக்கு வடக்கிலும் மேற்கிலும் தொலைவில் இருந்தன. திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் பாதை 1923இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட நாற்பத்தேழு ஆண்டுகள் இவ்வூருக்கான அஞ்சல், தன் பயணத்தின் பெரும்பகுதியை ரயிலிலும் இறுதிப் பகுதியைச் சாலையிலும் கடந்தது. அவ்வாண்டுகளில் இங்கு வந்த கடிதங்களின் பயண நாள்களையும் 1923க்குப் பிந்தையவற்றின் பயண நாள்களையும் ஒப்பிட்டால், ஓர் ஊருக்கு ரயில் வந்ததன் பொருள் என்னவென்பதை எண்ணிக்கையால் காட்ட முடியும்.

கடல்வழியும் இவ்வட்டாரத்திற்கு இன்றியமையாதது. 1914 வரை சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலிலும், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலிலும் செல்வதே இந்திய இலங்கைப் பயணத்தின் முதன்மை வழி. 'போட் மெயில்' என்னும் பெயர் இத்தொடர்பால் பிறந்தது. தென்பாண்டிச் சீமையிலிருந்து வணிகத்திற்கும் தோட்ட வேலைக்கும் இலங்கை சென்றோர் மிகப் பலர். அவர்களுடைய கடிதங்கள் வந்துசேர்ந்த துறை தூத்துக்குடி. 1914 மார்ச்சு முதல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் தொடங்கியபோது முதன்மை வழி வடக்கே இராமேசுவரம் தீவுக்கு நகர்ந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழியும் குலைந்தது. ஆகவே, இலங்கையிலிருந்து வந்த ஒரு சாதாரணக் கார்டும், அதன் நாளைக் கொண்டு பார்க்கும்போது, கடற்போக்குவரத்து வரலாற்றின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டிவிடும்.

6. முத்திரை: தாளில் பதிந்த நாள்

அஞ்சல்தலையைச் சேகரிப்போர் பலர். முத்திரையைப் படிப்போர் சிலரே. தலை நாடு முழுவதற்கும் பொதுவானது. முத்திரையோ ஓர் ஊருக்கு மட்டும் உரியது. வட்டார வரலாற்றுக்கு வேண்டியது பின்னதே. முத்திரையில் அஞ்சலகத்தின் பெயரும் நாளும் உள்ளன. பழைய கடிதங்கள் பலவற்றில் அனுப்பிய அஞ்சலகத்தின் முத்திரையோடு, பெற்ற அஞ்சலகத்தின் முத்திரையும் பதிந்திருக்கும். இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலமே கடிதத்தின் பயணக் காலம். எழுதியவர் கடிதத்தின் தலைப்பில் இட்ட தேதியும் கிடைத்தால், எழுதிய நாளுக்கும் பெட்டியில் சேர்த்த நாளுக்கும் உள்ள இடைவெளியும் தெரியும். அஞ்சலகம் இல்லாத சிற்றூரிலிருந்து எழுதியவர், சந்தைக்கோ கோயிலுக்கோ செல்லும் நாள்வரை கடிதத்தை மடியில் வைத்திருந்ததை அந்த இடைவெளி உணர்த்தக்கூடும்.

முத்திரை சான்றாகும்போது சில எச்சரிக்கைகள் தேவை. ஓர் அஞ்சலகத்தின் பெயருள்ள மிகப் பழைய முத்திரை கிடைப்பதால், அவ்வஞ்சலகம் அந்த ஆண்டிலேயே தொடங்கியது எனக் கூற முடியாது. அந்த ஆண்டில் அது இயங்கியது என்று மட்டுமே கூற முடியும். மங்கிய முத்திரையில் ஆண்டின் இறுதி இரண்டு எண்கள் மட்டும் தெரியும்போது, அஞ்சல்தலையில் உள்ள மன்னரின் உருவத்தையும் கட்டணத்தையும் கொண்டு நூற்றாண்டை உறுதி செய்தல் வேண்டும். தலையைக் கிழித்தெடுத்துச் சேகரிக்கும் வழக்கத்தால் முத்திரை பாதியாகிவிடுகிறது. உறை முழுமையாக இருக்கும்போதே அது ஆவணமாகிறது.

7. கடிதம்: ஏட்டைத் தேடிய ஊரில்

இவ்வூரின் வரலாற்றில் எழுத்து தொலைவதும் மீள்வதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளன. நாலாயிரத் திவ்வியப்பிரபந்தம் வழக்கொழிந்திருந்த காலத்தில் நாதமுனிகள் அதனைத் தேடிக் குருகூருக்கு வந்து பெற்றார் என்பது வைணவ மரபு. இவ்வூரில் பிறந்தவராக அம்மரபு போற்றும் மணவாள மாமுனிகள், பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை எழுதிய உரையில் செல்லரித்து அழிந்த பகுதிக்குத் தாமே உரை வரைந்து நிரப்பினார். மாறனலங்காரம் என்னும் அணியிலக்கண நூலை இயற்றிய திருக்குருகைப் பெருமாள் கவிராயரும் இவ்வூரினரே. அந்நூல் பிற்காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அச்சேறியது. கவிராயர் குடும்பங்கள் பல ஏடுகளைப் பரம்பரையாகக் காத்து வந்தன.

பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த உ.வே.சாமிநாதையர் அவ்வேடுகளைத் தேடியே ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். இலக்குமண கவிராயரின் துணையோடு பல வீடுகளில் தேடியதையும், தேவர்பிரான் கவிராயரிடமிருந்து பத்துப்பாட்டு ஏடு கிடைத்ததையும் தம் தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் அவர் விரிவாகக் கூறுகிறார். அப்பதிப்பு 1889இல் வெளிவந்தது. அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். விடுமுறையில் மட்டுமே பயணம் செய்யக்கூடிய ஒருவர், தமிழகம் முழுவதும் எந்த வீட்டில் எந்த ஏடு உள்ளது என்று அறியவும், பாடவேறுபாடு கேட்கவும், அச்சுப் பணி நடத்தவும், கையொப்பக்காரர்களைச் சேர்க்கவும் பெரிதும் நம்பியிருந்தது அஞ்சலையே. ஏடு தேடிய வரலாற்றில் அவர் நடந்த வழிகள் புகழ்பெற்றுள்ளன. அவருக்கு வந்த கடிதங்களோ அண்மையில்தான் உரிய கவனம் பெற்றுள்ளன. அவர் போற்றிக் காத்த கடிதங்கள் சென்னையிலுள்ள அவர் பெயரிலான நூல்நிலையத்தில் உள்ளன. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் ஆ.இரா.வேங்கடாசலபதியின் பதிப்பில் 'கடிதக் கருவூலம்' எனத் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் கடிதம் எவ்வளவு உறுதியான சான்று என்பதை இத்தொகுப்பு மெய்ப்பிக்கிறது.

இதே பயணத்தின் வரலாற்றில் மாறான நிகழ்ச்சியும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த வரகுணபாண்டியரின் ஏடுகளைத் தேடிச் சென்ற ஐயர், அவை பழுதடைந்தவை எனக் கருதப்பட்டுத் தீயிலிடப்பட்டுவிட்டன என்று அறிந்து வருந்தினார். அழித்தவர்க்கு அது தீங்கெனத் தோன்றவில்லை. பயனற்ற பழம்பொருளை முறைப்படி அகற்றியதாகவே அவர்கள் எண்ணினர். வீட்டுக் கடிதங்களின் இன்றைய நிலையும் இதுவே.

8. கம்பியில் தொங்கிய ஆவணக்களரி

தமிழக வீடுகளில் வந்த கடிதங்களை வளைந்த கம்பியில் குத்தி உத்தரத்திலோ சன்னலோரத்திலோ தொங்கவிடுவது வழக்கம். வந்த வரிசையில் குத்தப்படுவதால் பழையது கீழும் புதியது மேலுமாகக் கால வரிசை தானாகவே அமைந்தது. நடுவில் ஒரு துளையைத் தவிர வேறு சேதமில்லை. பயிற்சி பெற்ற ஆவணக் காப்பாளர் செய்யக்கூடியதை வீட்டார் எளிய கம்பியொன்றால் செய்தனர்.

இக்களரியில் எது இருக்கும், எது இராது என்பதை ஆய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும். மஞ்சள் தடவிய திருமணக் கடிதம் இருக்கும். வேலைக்குச் சென்றவர் நலம் விசாரித்து எழுதிய கார்டு இருக்கும். பணவிடைப் படிவத்தின் அடியில் செய்திக்கென விடப்பட்ட சிறிய இடத்தில் எழுதப்பட்ட இரண்டு வரிகள் இருக்கும். இறப்புச் செய்தி இராது. அதனைப் படித்தவுடன் கிழித்தெறிவதே மரபு, வீட்டுக்குள் வைப்பதில்லை. ஆகவே வீட்டுக் கடிதங்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர், அதில் மங்கலம் மிகுதியாகவும் துயரம் குறைவாகவும் பதிவாகியிருப்பதை உணர வேண்டும். காணப்படாத கடிதங்கள் வழக்கத்தின் காரணமாகவே காணப்படவில்லை.

எழுத்தறியாதவரின் குரலும் இக்கடிதங்களில் உண்டு. கடிதம் எழுதித் தருவதும் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும் தபால்காரரின் அறிவிக்கப்படாத பணியாக இருந்தது. பணவிடையைப் பெறும் மூதாட்டியின் கைநாட்டுக்கு அருகில் சாட்சியின் கையொப்பம் வேண்டும். அதற்கென அண்டை வீட்டார் அழைக்கப்படுவர். தமிழ்நாட்டில் 1962இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் நெடுங்காலம் பணவிடை வழியாகவே வழங்கப்பட்டது. மாதந்தோறும் திண்ணையில் அமர்ந்து பணத்தை எண்ணித் தந்த தபால்காரர், அம்முதியோருக்கு அரசின் முகமாக விளங்கினார். கோயில் நகரங்களின் சமூகப் படிநிலைகளைக் கருதும்போது, எல்லாத் தெருவுக்கும் ஒரே கட்டணத்தில் ஒரே பையிலிருந்து கடிதம் சென்றது என்பதும் எண்ணத்தக்கது. எந்தெந்தத் தெருவுக்கு எந்தக் காலத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின என்று தொகுத்துப் பார்த்தால், கல்வியும் வெளியூர் வேலையும் ஒவ்வொரு சமூகத்தையும் எப்போது எட்டின என்பது புலனாகும்.

9. தொகுக்க வேண்டிய காலம்

அஞ்சலின் பழைய வடிவங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்று வருகின்றன. வாசலில் கண்டாலே வீட்டாரைக் கலங்கச் செய்த தந்திப் பணி 2013 ஜூலையில் முடிந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. அலுவலகப் பதிவேடுகளைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அழிப்பது துறையின் நடைமுறை. எனவே அஞ்சலகத்திற்குள் பழைய வரலாறு மிகுதியாகக் கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது. அது அஞ்சலகம் கொண்டுசேர்த்த வீடுகளில்தான் உள்ளது.

அவ்வீடுகளும் பாதுகாப்பானவை அல்ல. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, பயணிகள் நூற்றுக்கணக்கில் அங்குச் சிக்கிக்கொண்டனர். உயிரும் உடைமையும் முதன்மையான அத்தகைய நாளில், பரணில் இருந்த பழங்கடிதங்களைப் பற்றி எவரும் எண்ண இயலாது, எண்ணவும் வேண்டியதில்லை. வெள்ளம் வராத நாளில் எண்ண வேண்டியது ஆய்வாளரின் கடமை.

தொகுப்புப் பணிக்குப் பின்வரும் முறை ஏற்றதாகும். கடிதங்களை வீட்டாரிடமிருந்து பிரித்தெடுக்காமல், அவர்கள் இல்லத்திலேயே முன்பக்கமும் பின்பக்கமும் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். கம்பியிலிருந்து கழற்றுமுன் வரிசை எண் இட வேண்டும். அனுப்பிய ஊர், பெற்ற ஊர், இரு முத்திரைகளின் நாள், தலைப்பில் உள்ள நாள், முகவரியில் எழுதப்பட்ட ஊர் மற்றும் மாவட்டப் பெயர், கட்டணம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்த வேண்டும். உள்ளடக்கத்தைப் பயன்படுத்தக் குடும்பத்தாரின் எழுத்து வழி இசைவு தேவை. வாழ்வோரின் பெயர்களும் குடும்பச் சிக்கல்களும் வெளிப்படாமல் காத்தல் வேண்டும். உள்ளடக்கத்திற்கு இசைவு கிடைக்காத இடத்தும், உறையின் வெளிப்புறத்தைப் பதிவு செய்ய இசைவு பெறுவது எளிது. பெயர், வழி, முத்திரை என்னும் மூன்று சான்றுகளும் வெளிப்புறத்திலேயே உள்ளமையால் அதுவும் சிறந்த பயன் தரும். ஓய்வுபெற்ற தபால்காரர்களின் நினைவுகளைக் குரற்பதிவு செய்வதும் இதனோடு நடைபெற வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்நாட்டுக் கடிதம் மிகுதியாக வந்தது என்பதை அவர்களைவிட அறிந்தோர் இலர்.

10. முடிவுரை

ஆழ்வார்திருநகரி அஞ்சலகத்தை முன்வைத்து நோக்கும்போது நான்கு செய்திகள் தெளிவாகின்றன. பல பெயர்களுள் ஒன்றை முகவரிப் பெயராக நிலைபெறச் செய்ததில் அஞ்சலுக்குப் பங்குண்டு. 1972ஆம் ஆண்டின் அஞ்சல் எல்லை, 1986இல் அமைந்த மாவட்டத்தின் தனித்தன்மையை முன்னரே காட்டியது. 1876, 1914, 1923, 1964 ஆகிய ஆண்டுகளின் போக்குவரத்து மாற்றங்கள் முத்திரை நாள்களில் பதிந்திருக்கக் கூடியவை. வீட்டுக் கடிதங்கள், தமக்கே உரிய விடுபாடுகளோடு, எழுதப்படாத சமூக வரலாற்றைக் கொண்டுள்ளன.

இவற்றுள் முதலிரண்டும் அச்சிட்ட ஆவணங்களில் கிடைப்பவை; அவை எங்கும் போகப்போவதில்லை. பின்னிரண்டும் உத்தரத்துக் கம்பியிலும் பரணிலுமே உள்ளன. நாதமுனிகள் வந்தபோதும் உ.வே.சாமிநாதையர் வந்தபோதும் குருகூரில் கேட்டதற்கு விடை கிடைத்தது. யாரோ ஒருவர் வீட்டில் காத்து வைத்திருந்ததே அதற்குக் காரணம். கரிவலம்வந்தநல்லூரில் கேட்பவர் வருவதற்கு முன்பே ஏடுகள் சாம்பலாயின. கடிதங்களைப் பொறுத்தவரை நாம் எந்த ஊரின் நிலையில் இருக்கிறோம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் செய்யப்படும் தொகுப்புப் பணியைப் பொறுத்தது.